முதலில் தொட்டவர் பொறுப்பு

வரும் சனிக்கிழமை என் சொந்த வீட்டு சௌனாவில் உட்கார்ந்து நான் வேர்த்தே தீருவேன். இது சபதம்.

செவ்வாய்க்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டே இந்தச் சபதத்தை எடுத்தேன். வாய் நிறைய நுரை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. ஹெல்கா அப்போது வேலைக்குப் போயிருந்தாள். அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சபதம் எடுப்பது என் வழக்கம். அப்போதுதான் குரல் நன்றாக எழும்புகிறது.

ஹெல்கா என் மனைவி. நகர நூலகத்தில் வேலை. கல்யாணமாகி இருபத்து நாலு வருடம். தாம்பரே நகரத்தில் நாலாவது மாடியில் இந்த வீட்டை வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. வாங்குவதற்கு முன் தரகர் ஒரு கதவைத் திறந்து, "இது உங்க சௌனா" என்று காட்டினார். மூன்று பலகைப் படி. மூலையில் மின்சார அடுப்பு. அடுப்பு நிறையக் கல். கல்லில் தண்ணீரை ஊற்றி, எழும்பும் ஆவியில் சனிக்கிழமைதோறும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற அறைகளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு வருடத்தில் அந்த அடுப்பு ஏழு தடவை சூடாகியிருக்கிறது. எட்டாவது தடவைக்கு உள்ளே போக வழியில்லை.

மேல் படியில் கிழிசல் துணி உருண்டைகள். ஹெல்கா தறியில் கந்தல் கம்பளம் நெய்கிறவள். பழந்துணியை நாடா நாடாவாகக் கிழித்து உருட்டி வைப்பாள். பழந்துணி எது என்று முடிவு செய்வதும் அவள்தான். என் கல்யாணச் சட்டை இப்போது வாசலில் கிடக்கிறது. தினமும் அதில்தான் கால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிறேன். நடுப் படியில் காலி ஜாம் பாட்டில்கள். கீழ்ப் படியில் கழற்றி வைத்த தறியின் கை கால்கள். அடுப்புக் கல்லின் மேல், கிறிஸ்துமஸுக்கு வைக்கும் வைக்கோல் ஆடு. அடுப்பின் மேல் வைக்கோலைப் பத்திரப்படுத்தும் குடும்பம் உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். யாராவது தவறிப்போய் சுவிட்சைத் தட்டிவிடப் போகிறார்களே என்று ஃபியூஸைப் பிடுங்கி ஆறு வருடம் ஆகிறது.

இதில் எனக்கு இரட்டை அவமானம். ஏனென்றால் இடத்துக்கு வரம்பு வைப்பதுதான் என் பிழைப்பே.

நான் கெர்னல் எழுதுகிறவன். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிர்வாகி உட்கார்ந்திருக்கிறான். அவன்தான் கெர்னல். மெமரி என்பது அவனுக்குச் சமையல் மேசை மாதிரி. வேலை நடப்பது அதன் மேல்தான். மேசை நிறைந்துபோனால், கொஞ்ச நாளாய் யாரும் தொடாத சாமானைத் தூக்கிப் பின்கட்டில் போட்டு வைப்பான். அந்தப் பின்கட்டுக்கு ஸ்வாப் என்று பெயர். இதில் பேராசைக்கார புரோகிராம் ஒன்று புகுந்து மேசையையும் அடைத்து, பின்கட்டையும் அடைத்துவிட்டால் மற்றவர்கள் பாடு திண்டாட்டம். ஆகவே ஆளுக்கு ஆள் வரம்பு வைக்க வேண்டும். மேசையில் உனக்கு இவ்வளவு, பின்கட்டில் உனக்கு இவ்வளவு. இந்த வரம்பு வைக்கிற வேலையைத்தான் பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். பல லட்சம் கம்ப்யூட்டர்கள் என் சொல்லுக்குக் கட்டுப்படுகின்றன. வீட்டில் ஒரு ஜாம் பாட்டில் கட்டுப்படுவதில்லை.

சரி, பதினோரு வருடம் பொறுத்தவனுக்கு இந்தச் சனிக்கிழமை என்ன அவசரம்? டீட்மார் வருகிறார்.

டீட்மார் நூரன்பெர்க்கில் இருக்கும் ஜெர்மன்காரர். நான் எழுதுகிற எதுவும் கெர்னலுக்குள் போக வேண்டுமென்றால் அவர் சரி என்று தலையாட்ட வேண்டும். என் புதிய ஸ்வாப் வரம்பைப் பதினாலு மாதமாகத் திருப்பித் திருப்பி அனுப்புகிறார். சண்டை ஒரே ஒரு விஷயத்தில்தான். இரண்டு புரோகிராம் பொதுவாக வைத்துக்கொள்ளும் சாமான் யார் பெயரில் ஏற வேண்டும்? முதலில் தொட்டவர் பெயரில் என்பது என் கட்சி. சுலபம், வேகம், தகராறு கிடையாது. அது அநியாயம், யார் அதிகம் பயன்படுத்துகிறாரோ அவர் பெயரில்தான் ஏற வேண்டும் என்பது அவர் கட்சி. முன்னூறு மெயில் ஆகிவிட்டது. கடைசியில் நான் எழுதினேன்: 'மாநாட்டுக்கு ஹெல்சிங்கி வருகிறீர்களாமே. சனிக்கிழமை ரயில் ஏறி இங்கே வாருங்கள். என் சௌனாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வோம்.'

எங்கள் ஊரில் எங்கேயும் தீராத வழக்கு சௌனாவில் தீரும். துணியைக் கழற்றிவிட்டு வேர்த்துக்கொண்டிருக்கிற மனுஷனால் ரொம்ப நேரம் பிடிவாதம் பிடிக்க முடியாது. வருகிறேன் என்று திங்கட்கிழமை பதில் வந்துவிட்டது. பதினாலு மாத உழைப்பும் இப்போது அந்த வைக்கோல் ஆட்டுக்குப் பின்னால் சிக்கிக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தேன்.

"ஹெல்கா, வீட்டுக்கு ஒரு சட்டம் கொண்டு வந்திருக்கேன்."

"சாப்பிட்டுட்டுக் கொண்டு வரக்கூடாதா?"

"இது அவசரச் சட்டம்."

"உருளைக்கிழங்கும் அவசரம்தான். ஆறிடும்."

சாப்பிட்டேன். பிறகு தாளை நீட்டினேன். ஹெல்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நூலகத்தில் விண்ணப்பம் படிக்கிற அதே முகத்தோடு படித்தாள்.

"'வீட்டுக்குள் ஆளுக்கு ஐம்பது பெட்டி வரை.' பெட்டின்னா எந்தப் பெட்டி?"

"வாழைப்பழப் பெட்டி. வீடு மாத்தறப்போ கடையில கேட்டு வாங்குவோமே, அது."

"'சௌனாவில் ஆளுக்குப் பூஜ்யம் பெட்டி.'" நிமிர்ந்து பார்த்தாள். "ஜீரோவா?"

"ஜீரோதான். அது ஸ்வாப் வரம்பு. மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். பழகிடும்."

"வரம்பு தாண்டிட்டா?"

"தாண்டினவங்க சாமான்ல எத ரொம்ப நாளாத் தொடலியோ அது வெளியில போகும். வெள்ளிக்கிழமை பழைய சாமான் ஏத்திட்டுப் போற டிரெய்லருக்குச் சொல்லி வச்சாச்சு."

"பொதுச் சாமான்?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஊசியிலிருந்து தறி வரை எதைக் கேட்டாலும் 'அது நம்ம ரெண்டு பேருக்கும்தானே' என்று சொல்லித் தப்பித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதற்குத்தான் மூன்றாவது விதி. பதினாலு மாதமாக நான் டீட்மாரோடு மல்லுக்கு நிற்கிற அதே விதி.

"முதல்ல தொட்டவங்க பேர்ல ஏறும்."

"தொடறதுன்னா எங்க? கடையிலயா, வீட்லயா?"

"வாசல் தாண்டி உள்ள கொண்டு வந்த கை எதுவோ, அது பேர்ல."

"வேணும்னு கேட்டது யாருன்னு பாக்க மாட்டியா?"

"பாக்கவே கூடாது! யாரு கேட்டாங்க, எதுக்குக் கேட்டாங்கன்னு கெர்னல் விசாரிச்சுக்கிட்டு உக்காந்தா உருப்பட்ட மாதிரிதான். கை பட்டுச்சா, பேர் ஏறிச்சா, அவ்வளவுதான்."

"நாளைக்கு மனசு மாறி, இது உன்னோடது இல்ல, ஹெல்காவோடதுன்னு மாத்த மாட்டியே?"

"ஒருதடவ ஏறினா ஏறினதுதான். நாலாவது விதி. பாரு, அடிக்கோடு போட்டிருக்கேன்."

ஹெல்கா பேனாவை வாங்கினாள். ஒரு வார்த்தை எதிர்க்கவில்லை. கையெழுத்துப் போட்டு, தாளைக் குளிர்பதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

"ரொம்ப நியாயமா எழுதியிருக்க, தங்கம்" என்றாள்.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கள் நாட்டில் புருஷன் பெண்டாட்டி ஒருவரை ஒருவர் தங்கம் என்று கூப்பிட்டுக்கொள்வது சகஜம். ஹெல்கா அதை அப்படி வாரி இறைக்க மாட்டாள். கல்யாணத்தன்று ஒரு தடவை. என் புதுக் காரைச் சுவரில் இடித்த அன்று ஒரு தடவை. தறி வாங்கிய அன்று ஒரு தடவை. இது நாலாவது. நானோ வெற்றி மயக்கத்தில் இன்னும் இரண்டு உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை கடைக்குப் போய் ஒட்டுச் சீட்டு வாங்கினேன். ஹெல்காவுக்குச் சிவப்பு, எனக்கு நீலம். சிவப்பில் பத்துத் தாள், நீலத்தில் ஒன்று. எனக்கு எதற்கு அதிகம்?

சாயங்காலம் சௌனாக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஹெல்கா காபியும் ஏலக்காய் பன்னும் எடுத்துக்கொண்டு வந்து, வேடிக்கை பார்க்கிற மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தறி" என்றேன். சிவப்புச் சீட்டை உரித்தேன்.

"இரு இரு. இத யாரு மேல கொண்டு வந்தா?"

"லிஃப்ட்டுல நுழையல."

"நுழையலதான். அப்புறம்?"

"அப்புறம் என்ன, நான்தான் முதுகுல வச்சு..."

"எத்தன மாடி?"

"நாலு."

"நான் என்ன செஞ்சிட்டிருந்தேன்?"

"கதவப் பிடிச்சிட்டிருந்த."

"நீலம்" என்றாள் ஹெல்கா, பன்னைக் காபியில் நனைத்துக்கொண்டே.

மறுக்க முடியவில்லை. ஒற்றை ஆளாய்த் தறியை நாலு மாடி தூக்கிய பராக்கிரமத்தை நான் சொல்லாத விருந்து கிடையாது. கேட்டு அலுத்துப்போன சாட்சிகள் தாம்பரே முழுக்க இருக்கிறார்கள். நீலச் சீட்டை ஒட்டினேன்.

"துணி உருண்டை. இது நீயே கிழிச்சு, நீயே உருட்டினது. இதுக்கு என்ன சொல்ற?"

"கிழிச்சது எத?"

"என் சட்டைய."

"அத உடம்புல மாட்டிக்கிட்டு வாசல் தாண்டி வந்தது யாரு?"

நீலச் சீட்டை உரித்தேன்.

"மிச்சம் எங்க அம்மா குடுத்த போர்வை. கார்லேருந்து மூணு நட தூக்கினியே, ஞாபகம் இருக்கா? நான் கார் கதவையும் பிடிச்சேன், வீட்டுக் கதவையும் பிடிச்சேன்."

"ஜாம் பாட்டில்?"

"ஜாமோட கடையிலேருந்து தூக்கிட்டு வந்தது நீ. ஜாமக் காலி பண்ணினதும் நீ."

"ஆடு! அது வைக்கோல்தான? வெயிட்டே கிடையாது. அத நீதான் கொண்டு வந்திருப்ப."

"சந்தையில கூட்டம், கொம்பு உடைஞ்சிரும்னு தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டு வந்தியே? பஸ்ல எல்லாரும் உன்னையே பாத்தாங்க."

பார்த்தார்கள். எனக்கும் ஞாபகம் வந்தது. அப்போதுதான் இருபத்து நாலு வருடமும் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றது. நான் தூக்குகிறேன், ஹெல்கா கதவைப் பிடிக்கிறாள். நான் மூச்சு வாங்குகிறேன், ஹெல்கா "பாத்து, பாத்து" என்கிறாள். கதவைப் பிடிப்பதும் ஒரு வேலைதானே, யாராவது செய்ய வேண்டுமே என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நீலச் சீட்டு அரை மணி நேரத்தில் தீர்ந்தது. கடைக்கு ஓடி இன்னும் நாலு தாள் வாங்கி வந்தேன். வாசலில் ஹெல்கா எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தச் சீட்டும் உன் பேர்லதான்" என்று ஞாபகப்படுத்தினாள்.

வீடு முழுக்க எண்ணி முடித்தபோது என் பெயரில் நூற்று நாற்பத்தொரு பெட்டி. ஹெல்கா பெயரில் இரண்டே இரண்டு சாமான்: அவள் கைப்பை, அப்புறம் முள் குத்தும் என்று நான் தொட மறுத்த ஒரு கள்ளிச்செடி.

"இன்னொண்ணு விட்டுப்போச்சு" என்றாள் ஹெல்கா. "இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு வாசல்ல என்னைத் தூக்கிட்டுத்தான உள்ள வந்த?"

"அது சம்பிரதாயம்!"

"கெர்னல் சம்பிரதாயமெல்லாம் பாக்குமா?"

கடைசி நீலச் சீட்டை எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். கோபப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அந்த நீலம் அவளுக்கு எடுப்பாக இருந்தது. என்னால் கோபப்பட முடியவில்லை.

படுக்கப் போகும்போது ஒரு யோசனை வந்து தெம்பு கொடுத்தது. என் பெயரில் இருந்தால்தான் என்ன? வெளியே போவது ரொம்ப நாளாய்த் தொடாத சாமான். தறியை அவள் தொட்டு ஆறு வருடம் ஆகிறது. பாட்டில்கள் இருப்பதே அவளுக்கு மறந்திருக்கும். என் பெயரில் ஏறிய அவள் சாமான் அத்தனையும் வெள்ளிக்கிழமை டிரெய்லரில் ஏறும். சட்டம் சுற்றி வளைத்தாவது நியாயத்துக்குத்தான் வந்து சேரும். நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை எங்கள் ஊரில் பட்டாணி சூப் நாள். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் கூடத்தில் டக், டக் என்று சத்தம். தறி முழுசாக எழும்பி நிற்கிறது. ஹெல்கா அதில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறாள். எழுபது உருண்டையிலும் ஒரு முழம் உருவிக் கம்பளத்தில் சேர்த்தாயிற்று. மேசையில் சூப் ஜாம் பாட்டிலில் இருந்தது. தண்ணீர் ஜாம் பாட்டிலில். கரண்டிகள் ஜாம் பாட்டிலில். மிச்சப் பாட்டில்களில் பாட்டிலுக்கு ஒரு பட்டாணி. வைக்கோல் ஆடு என் நாற்காலிக்குப் பக்கத்தில், கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு.

"என்ன இது?"

"எல்லாத்தையும் இன்னிக்குத் தொட்டாச்சு. உக்காரு, சூப் ஆறிடும்."

கெர்னலிலும் இப்படித்தான். ஆறு வருடம் தூசி படிந்து கிடந்தாலும் ஒரு தடவை தொட்டுவிட்டால் அது புதுசு; அதை வெளியே தள்ள முடியாது. அந்தப் பகுதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். சூப்பைப் பாட்டிலிலிருந்தே குடித்தேன்.

அப்படியானால் என் பெயரில் இருக்கும் நூற்று நாற்பத்தொரு பெட்டியில், ரொம்ப நாளாய்த் தொடாத சாமான் எது? ஹெல்கா என் வேலை அறைக் கதவைத் திறந்தாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்பது. இயங்காத பிரிண்டர் நாலு. கேபிள் பெட்டி மட்டும் எழுபத்தெட்டு.

"கேபிள் வேணும்" என்றேன்.

"எதுக்கு?"

"தேவைப்படும்."

"எப்போ?"

"தேவைப்படறப்போ."

"இது எதுல மாட்டறது?" ஒன்றை உருவிக் காட்டினாள்.

பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். அந்த மாதிரி முனையை என் வாழ்நாளில் கண்டதில்லை.

"அது ரொம்ப அபூர்வமான கேபிள்" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரெய்லர் வந்தது. நானே தூக்கினேன். நானே இறக்கினேன். ஹெல்கா கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது கம்ப்யூட்டரை டிரெய்லரில் வைத்தபோது என் கை அதை விட்டு வரவில்லை. சாம்பல் நிறம் மஞ்சளாகிப்போன பெட்டி. நான் எழுதிய முதல் வரி கெர்னலுக்குள் போனது அதில்தான். அன்று நானும் ஹெல்காவும் ஒரு கேக்கை இரண்டாய் வெட்டித் தின்றோம். சட்டம் போட்டவன் நான். வாயைத் திறக்க வழியில்லை.

ஹெல்கா கதவை விட்டுவிட்டு வந்தாள். டிரெய்லரிலிருந்து அதைத் தூக்கினாள். படியேறினாள். லிஃப்ட் வரைக்கும், லிஃப்ட்டிலிருந்து வீடு வரைக்கும் அவளே சுமந்து வந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஓடிப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். இருபத்து நாலு வருடத்தில் முதல் தடவை. பெட்டியைப் புத்தக அலமாரி மேல் வைத்து, ஒரு சிவப்புச் சீட்டை உரித்து ஒட்டினாள்.

"வெளியில போச்சு, என் கையால உள்ள வந்துச்சு. இப்ப இது என் பேர்ல. எனக்கு இன்னும் நாப்பத்தேழு பெட்டி எடம் இருக்கு."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டிருக்கும்போதே மூளை வேலை செய்தது.

"ஹெல்கா, அப்ப தறியையும் வெளியில கொண்டு போயிட்டு, உன் கையால..."

"தாராளமா. நீ நாலு மாடி கீழ இறக்கு. நான் எப்பவாவது மேல தூக்கிட்டு வரேன்."

என் முதுகு எனக்கு முன்னால் முந்திக்கொண்டு வேண்டாம் என்றது.

இப்படியாக என் வேலை அறை காலியானது. காலியான அறையில் தறி போய் நின்றது. உருண்டைகள், பாட்டில்கள், ஆடு எல்லாம் பின்னாலேயே போயின. ஹெல்காவுக்குப் பதினோரு வருடமாக ஒரு நெசவு அறை வேண்டுமாம். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்பதும் அவளுக்குத் தெரியுமாம். என் மேசை படுக்கையறை ஜன்னலோரம் போனது. சொல்லக்கூடாது, அங்கே வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது. சௌனா மட்டும் சட்டப்படி பூஜ்யம் பெட்டியோடு பளிச்சென்று இருந்தது.

சனிக்கிழமை ஃபியூஸைத் திரும்பப் போட்டேன். அடுப்பு கமறிக்கொண்டு உயிர் பெற்றது. நாலு மணிக்கு வருகிறேன் என்ற டீட்மார் நாலு மணிக்கு மணியடித்தார். ஒல்லியான, உயரமான மனிதர். மெயிலில் வருவதைவிட நேரில் சாந்தமாக இருந்தார்.

"சாசேஜ் வாங்கலியே" என்றாள் ஹெல்கா என் காதில்.

சௌனா முடிந்ததும் சாசேஜ் இல்லையென்றால் அது விருந்தே இல்லை. எங்கள் ஊர்க் கறுப்பு சாசேஜை சந்தைக்கடையில்தான் வாங்க வேண்டும். ஓடினேன். வரிசையில் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் உள்ளே பெரிய சிரிப்புச் சத்தம். பதினாலு மாதத்தில் டீட்மார் ஒரு புன்னகைப் பொம்மை கூட எனக்கு அனுப்பியதில்லை. இப்போது குளிர்பதனப் பெட்டியின் முன்னால், என் சட்டத்தைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹெல்கா பள்ளிக்கூடத்தில் படித்த ஜெர்மனை முழுக்கச் செலவழித்து அதை விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வந்து கதவைப் பிடித்தாள்.

சௌனாவில் மேல் படியில் உட்கார்ந்தோம். கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழுந்து காதைச் சுட்டது. ஆகா! ஆறு வருடத்துக்குப் பிறகு என் சொந்த வேர்வை.

"தூமோ" என்றார் டீட்மார். என் பெயர் அதுதான். "உன் மனைவிகிட்டப் பேசிட்டிருந்தேன்."

துணியோடு மரியாதையையும் வெளியே கழற்றி வைத்துவிட்டார். எனக்கும் அதுவே சௌகரியம்.

"கெட்டிக்காரத்தனமான ஒரு புரோகிராம் இருக்குன்னு வை. அதுக்கு வேணுங்கறத எல்லாம் பக்கத்துல இருக்கற அப்பாவி ஒருத்தன விட்டு மொதல்ல தொட வச்சிடும். அது பேர்ல ஒண்ணும் ஏறாது. அப்பாவி பேர்ல எல்லாம் ஏறி, வரம்பு தாண்டி, அவன் சாமான் வெளியில போகும். இதத்தான உனக்குப் பதினாலு மாசமா எழுதறேன்?"

"நிஜத்துல எங்கயாவது நடந்திருக்கா, உதாரணம் காட்டுன்னு நானும் பதினாலு மாசமாக் கேக்கறேன்."

"இப்ப அந்த உதாரணத்துக்குள்ளதான் உக்காந்திருக்க."

இன்னொரு கரண்டி ஊற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம், என் பழைய அறையில், டக், டக் என்று தறி ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தன வருஷமா நடக்குது?"

"இருபத்து நாலு."

"ஒருதடவ கூட சந்தேகம் வரலியா?"

"அவ கதவப் பிடிச்சிட்டிருந்தா" என்றேன். "வேலை செய்யற மாதிரியே இருந்துச்சு."

டீட்மார் என் தோளில் தட்டினார். ஈரமான கை. பதினாலு மாதச் சண்டை அதோடு முடிந்தது. பயன்படுத்துகிறவர் பெயரிலேயே ஏறட்டும் என்று ஒத்துக்கொண்டேன். பிறகு மூன்று பேரும் சாசேஜ் தின்றோம். நான் தோற்றுப்போயிருந்தேன், பசியும் நன்றாக இருந்தது.

மறுநாள் காலை, நெசவு அறை வாசலில் போய் நின்றேன்.

"ஹெல்கா, சட்டம் மாறிடுச்சு. இனிமே யாரு பயன்படுத்தறாங்களோ அவங்க பேர்ல. தறி, உருண்டை, பாட்டில், எல்லாம் உன்னோடது. ஏற்கெனவே உன் பேர்ல இருக்கற மூணோட சேத்தா அம்பதத் தாண்டுது. வரம்பு அம்பது."

"நல்ல சட்டம். இனிமே வர்ற சாமானுக்குத்தான?"

"பழசுக்கும் சேத்துதான்."

ஹெல்கா தறி ஓட்டுவதை நிறுத்தவில்லை. சமையலறைப் பக்கம் தலையை மட்டும் அசைத்தாள். போய்ப் பார்த்தேன். நாலாவது விதி அங்கே அப்படியே இருந்தது, அடிக்கோட்டோடு.

மூன்று வாரத்தில் புது முறைப்படி எழுதி அனுப்பினேன். டீட்மார் அன்றைக்கே ஏற்றுக்கொண்டார். இப்போது சனிக்கிழமைதோறும் சௌனாவில் வேர்க்கிறேன். சில நாள் ஹெல்காவும் வந்து பக்கத்தில் உட்காருகிறாள். ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு விஷயம். கெர்னலுக்குள் போகிற ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும், அதில் யார் யாருக்கு என்ன பங்கு என்று எழுதிக் கையொப்பம் இடுவது எங்கள் தொழிலில் வழக்கம். அது உலகம் முழுவதும் எல்லாருடைய கண்ணிலும் படும், அழியவும் அழியாது. டீட்மார் என்னுடையதன் அடியில் மூன்று வரி சேர்த்திருந்தார். ஹெல்கா அதைப் பிரிண்ட் எடுத்துச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறாள்:

எழுதியவர்: தூமோ.
குறையைக் கண்டுபிடித்தவர்: ஹெல்கா.
சோதித்துப் பார்க்கப்பட்டது: தூமோவின் மேல்.